உமாராணியின் வரவேற்புரை

சிவப்பு விளக்கில் கார் நின்றதும் உமாராணி பேசத் தொடங்கிவிடுவார். “பெரியோர்களே, தாய்மார்களே…” என்று முன்கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டுவார். பக்கத்துக் காரில் இருப்பவர் மிரண்டுபோய்த் தன் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். அதைப் பார்த்து உமாராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பச்சை விழுந்தது தெரியாது. பின்னால் ஹார்ன் அலறும்.

வேலை, மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார இறுதியில் அவர் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் கல்யாணமோ பிறந்தநாளோ, மைக் அவர் கையில்தான். வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். “நாலு பேரு சிரிக்கலன்னா எனக்குச் சோறு எறங்காதுப்பா” என்பார்.

தொழிற்சாலையில் பக்கத்து மேசை மெலாத்தி. பாலிங் பக்கத்துக் கென்சியு இனப் பெண், கெடா மாநிலத்தின் பூர்வகுடி. ஒருநாள் சாப்பாட்டு வேளையில், “முன்னே இங்கெல்லாம் காடு. எங்க ஆளுங்க வேட்டைக்கு வந்த எடம்” என்று மலாயில் சொல்லிவிட்டு, மெலாத்தி தன்பாட்டுக்கு மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தார். உமாராணிக்குத்தான் கவளம் பாதியில் நின்றது. மேடை ஏறினாலே ‘எங்கள் பாட்டன் உண்டாக்கிய மண்’ என்று முழங்குகிறவர் அவர்.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்தார். ஆண்டு விருந்துக்கு மெலாத்தி குடும்பத்தை அழைக்க வேண்டும், இது முதலில் அவர்கள் மண் என்று மேடையில் சொல்ல வேண்டும் என்றார். தலைவர் குழந்தைவேலு முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது? காட்ட வெட்டி ரப்பர் நட்டது நம்ம தாத்தாங்கதானே?”

“ஆமாண்ணே, யாரு இல்லன்னா? வெட்டும்போது காட்டுல யாரு இருந்தாங்கன்னுதான் கேக்குறேன்.”

குழந்தைவேலு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “சரி, வேனுக்கு யாரு சொல்றது?” என்றார்.

விருந்தன்று வேன் வந்து நின்றதும் உமாராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மெலாத்தியின் அம்மாவுக்கு மாலை போட்டார். போட்ட வேகத்தில் வேன் ஓட்டுநருக்கும் ஒன்று போட்டுவிட்டார். மேடையேறி, “இந்த மண்ணுக்கு முதல் சொந்தக்காரர்கள் இதோ வந்திருக்கிறார்கள்” என்று தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொன்னார். கைதட்டல் அடங்கியது. அடுத்த வரி வரவில்லை.

“மிச்சம் மறந்துபோச்சு லா.”

மண்டபமே சிரித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மெலாத்தியின் அம்மாவிடம் உமாராணி மைக்கை நீட்டிப் பிடித்தார். அவர் மலாயில் மெதுவாகப் பேசினார்.

“இப்படி ஒருத்தரும் எங்களக் கூப்பிட்டுச் சொன்னதில்ல. சந்தோஷம். அடுத்த மாசம் நீங்க எங்க ஊருக்கு, எங்க கம்போங்குக்கு வாங்க. யாரு யாரு வரீங்க?”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். உமாராணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார், மைக்கோடு சேர்த்து.