நிறுத்தத் தெரியாமல் சுற்றிய படகு

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். பிள்ளைச்சாவடியில் என் அக்காவின் கணவர் தன் படகின் பின்புறத்தில் மாட்டுகிற புது இன்ஜின் வாங்கிப் போட்டார். அதுவரை துடுப்பும் பாயும்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நீ கட்டாயம் வரணும்டி" என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். நான் அப்போது புதுச்சேரி டவுனில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். கூடையை மாமியார் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கம் பெண்கள் கடலுக்குள் போவதில்லை. மீனை விற்போம், வலையிலிருந்து மீனைப் பிரிப்போம், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்போம். ஆனால் அக்காவின் கணவரான மாமா வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. படகுக்குப் புதிதாக எதைச் செய்தாலும், வீட்டுப் பெண்களை ஏற்றி ஒரு சுற்று வந்த பிறகுதான் தொழிலுக்கே எடுப்பார்கள். அதனால்தான் அன்று அக்காவும் நானும் படகில் ஏறினோம்.

இன்ஜினுக்கு அக்கா செய்திருந்த அலங்காரத்தைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு தோத்தா போ" என்று கேலி செய்தேன். மஞ்சள் துணியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். கைப்பிடியும் ஸ்டார்ட் செய்கிற கயிறும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"துணியக் கழட்டிடட்டுமா?" என்று மாமா கேட்டார்.

"கரைக்குத் திரும்பி வந்துதான் கழட்டணும். ஊர்க் கண்ணு பொல்லாதது" என்றாள் அக்கா. அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கைப்பிடியைத் திருகி முழு வேகத்தில் விட்டார். கரையில் நின்ற சேக்காளிகளைப் பார்த்துக் கையாட்ட எழுந்து நின்றார். பக்கவாட்டில் ஓர் அலை மோதியது. அடுத்த நொடி அவர் படகில் இல்லை.

பிடி விட்டதும் இன்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. படகு சாய்ந்து வட்டமடிக்க ஆரம்பித்தது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. நாங்கள் இருவரும் உருண்டு ஓரத்தில் விழுந்தோம். மாமா நீச்சலில் கெட்டிக்காரர், வட்டத்தைவிட்டு விலகத்தான் பார்த்தார். ஆனால் படகோ காற்றுக்கு நகர்ந்து நகர்ந்து அவர் பக்கமே வந்தது. ஒவ்வொரு முறை அது நெருங்கும்போதும் முங்கினார். தலை மேலே வந்ததும் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். வாய் அசைவது தெரிந்தது, இன்ஜின் சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அக்கா தவழ்ந்து போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். பலங்கொண்ட மட்டும் இழுத்தாளே தவிர, அதைத் திருகினால் வேகம் குறையும் என்று அவளுக்குத் தெரியாது. நிறுத்துகிற பட்டன் அவள் கட்டிய துணிக்கு அடியிலேயே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது.

கிளம்பும்போது எண்ணெய் டேங்கிலிருந்து மாமா ஒரு பைப்பை மாட்டியதை நான் பார்த்திருந்தேன். அதைப் பிடுங்கி எறிந்தேன். நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த எண்ணெயில் அந்தப் பாவி இன்ஜின் இன்னும் ஓடியது. படகு மறுபடி அவரை நோக்கித் திரும்பியது. மாமா களைத்துப்போயிருந்தார், இந்த முறை ஆழமாக முங்க முடியவில்லை. எங்கள் காலடியில் தட்டென்று ஒரு சத்தம், தண்ணீருக்குள் சுழன்ற இன்ஜின் விசிறியில் அவர் கால் சிக்கிவிட்டது. அதன் பிறகுதான் இன்ஜின் அணைந்தது. படகு கிளப்பிய அலையே பின்னால் வந்து ஏறி, முட்டியளவு தண்ணீரை உள்ளே கொட்டியது.

தண்ணீர் சிவந்திருந்தது. அக்கா கத்திய கத்தலில் பக்கத்தில் வலை போட்டிருந்த கட்டுமரக்காரர்கள் வந்து அவரைத் தூக்கினார்கள். மீன் லாரியில் போட்டு கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் கண் திறந்து பேச ஆரம்பித்த அன்று, "நான்தான துணியக் கட்டுனேன், நான்தான கட்டுனேன்" என்று அக்கா கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். எவ்வளவு பிடித்தும் என்னால் அடக்க முடியவில்லை.

"துணி கட்டுனதுல ஒண்ணும் இல்லடி. அதுக்கடியில என்னா இருக்குதுன்னு நான் ஒனக்குக் காட்டியிருக்கணும்" என்றார் மாமா. பிறகு அவள் மணிக்கட்டை இன்ஜின் கைப்பிடிபோலப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகிக் காட்டினார். "மொதல்ல இப்பிடித் திருகி வேகத்தக் கொறைக்கணும். அப்பறம்தான் பட்டன அமுக்கணும். ஓடுற வேகத்துலயே நிறுத்துனா அலை பின்னாடி ஏறிடும். ஆனா ஆளு தண்ணியில கெடந்தா எதையும் பாக்காத, ஒடனே அமுக்கு. நிக்கிற வரைக்கும் கைய எடுக்காத."

"இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்று அக்கா விசும்பினாள்.

"கத்துக்கோ" என்றார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு, என் மணிக்கட்டையும் பிடித்துத் திருகிக் காட்டினார்.

அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் உயிரை ஒப்படைத்துவிட்டுப் போகிற ஓர் இன்ஜினை எப்படி நிறுத்துவது என்று சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை, அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு வாய்த்தபோது மாமாவுக்கு ஒரு கால் போயிருந்தது.