குரோம்பேட்டை தாண்டியும் திறந்த பக்கம்

இங்கே அலுவலகத்தில் காலைக் காபி என்பது ஒரு சடங்கு. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். புல்லா என்ற ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கோப்பையைக் காலி செய்வார்கள். பிறகு ஏதோ மனம்விட்டுப் பேசித் தீர்த்ததுபோல நிறைவான முகத்தோடு எழுந்து போவார்கள். பின்லாந்தின் துர்க்கு நகரத்துக்கு வந்த புதிதில், யார் வீட்டில் துக்கமோ என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. தாம்பரம் பக்கத்து இரும்புலியூரில் எங்கள் தெருவில் இவ்வளவு அமைதி வேண்டுமென்றால் கரண்ட் போய், கூடவே மழையும் கொட்ட வேண்டும்.

அந்த அமைதி என்னைப் படுத்திய கதையைத்தான் சொல்ல வந்தேன். தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு ஒரு இணையப் பக்கம் செய்யும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. நேரம் பார்க்க வேண்டும், இடம் பதிய வேண்டும், கப்பல் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும். இதை எந்தத் தொழில்நுட்பத்தில் செய்வது என்று தீர்மானித்துச் சொல்லும் பொறுப்பைக் குழுத் தலைவர் மிக்கோ என்னிடம் கொடுத்தார். வந்த நாளிலிருந்து அடுத்தவர் தேர்ந்தெடுத்ததில் வேலை செய்தவளுக்கு, முதல்முறையாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. என் பேச்சு எடுபடுமா என்பதுதான் எனக்கு வாழ்வா சாவா.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தை உயிரோட்டமாக்க இரண்டு வழி உண்டு. சமைத்த சாப்பாட்டை அனுப்பி, கூடவே கொஞ்சம் ஊறுகாய் வைப்பது ஒன்று: பக்கம் முழுதாகப் போய்ச் சேரும், சிறிய ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் வந்து அசைவைச் சேர்க்கும். அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாவற்றையும் அனுப்பி, உன் போனிலேயே சமைத்துக்கொள் என்பது இன்னொன்று. இப்போது நாகரிகமாக இருக்கும் பெரிய நிரல் கட்டமைப்புகளை எங்கும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் பயன்படுத்துகிறார்கள். நான் அவற்றுக்கு எதிரியில்லை. கப்பல் அலுவலகத்து ஊழியர்கள் நாளெல்லாம் திறந்தே வைத்திருக்கும் திரைக்கு அதையேதான் சிபாரிசு செய்தேன். ஆனால் காற்றில் நின்றபடி ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கிற பயணிக்கு முதல் வழிதான் சரி என்றேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம். காணிக்கையாக வந்த பூசணியையும் சேவலையும் கோவில் மைதானத்தில் ஏலம் விடுவார்கள். துபாயில் இருப்பவர்களும் கேட்கட்டும் என்று ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். அப்போது நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாகரிகமான கட்டமைப்பில் ஒன்று, வெறும் படிவமாக ஒன்று என இரண்டு மாதிரி செய்து, ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலையும் நேரத்தில் மைதானத்திலேயே சோதித்தேன். அத்தனை போன்களும் ஒரே டவரை இழுத்தன. ஏலம் கூவுகிற சாமுவேல் அண்ணன் நாகரிகமான மாதிரியைத் திறந்தார்.

"இன்னாம்மா இது, வட்டம் சுத்திகினே கீது? பூசணிக்கா எங்க?"

வெறும் படிவம் உடனே திறந்தது. சபைக் கமிட்டியில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எங்கள் கமிட்டியில் கத்தினால் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். எல்லோரும் அமைதியானால் ஆயர் "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிடுவார். அந்த விஷயம் அதோடு காலி. அந்த ஆண்டு துபாயிலிருந்து ஒருவர் பூசணியை ஏலம் எடுத்து, வழக்கப்படி மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்தார். நான் மைதானத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இப்போது துர்க்கு அலுவலகத்துக்கு வருவோம். நான் பேசி முடித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிக்கோ ஜன்னலைப் பார்த்தார். பைவி என்ற மூத்த சகா மட்டும், "இங்கே எல்லா இடத்திலும் நெட்வொர்க் கிடைக்குமே?" என்று கேட்டாள். தீவுகளுக்கு நடுவே, கப்பலின் இரும்புக்குள் சரியாகக் கிடைக்காது என்றேன். மறுபடியும் அமைதி. தொலைந்தது, ஜெபித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். இந்தியாவிலிருந்து வந்தவளின் பழைய பயம் என்று நினைத்துவிட்டார்கள் போலும் என்று நெஞ்சு எரிந்தது. விடுவேனா? இரண்டு மாதிரிகளையும் செய்து முடித்து, கப்பலிலேயே சோதித்துப் பார்க்க அத்தனை பேரையும் அழைத்தேன். மறுக்காமல் வந்தார்கள்.

தீவுகளுக்கு நடுவே, வண்டிகள் நிற்கும் இரும்புத் தளத்தில் போன்களை எடுத்தோம். ஒன்றில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றதில் கப்பல் நேரமும் பதிவுப் படிவமும் வந்து நின்றன. நான் வெற்றியோடு நிமிர்ந்தேன். மிக்கோ தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நன்றாக இருக்கிறது. ஆனால் இதைத்தான் அன்றைக்கே ஏற்றுக்கொண்டோமே. இன்று எதற்காக வந்தோம்?"

"யாரும் ஒன்றும் சொல்லவில்லையே!"

"ஆமாம்," என்றாள் பைவி. "சொல்ல ஒன்றும் இல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. தாம்பரத்துக் கூட்டத்தில் தேறிய யோசனை பால்டிக் கடலிலும் தேறிவிட்டது.

பக்கம் வெளியானதும் இணைப்பை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா பெயர் கிரேஸ். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் ரோஜாச் செடி வாங்க மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கியதும் கூப்பிட்டார்.

"பாப்பா, குரோம்பேட்டை தாண்டினதும் யாருக்கும் நெட்டு சரியா இல்ல. பக்கத்துல ஒரு பொண்ணு போனைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு உன் கப்பல் தொறந்துகிச்சு! எம் பொண்ணு பண்ணதுன்னு பெட்டி முழுக்கக் காட்டிட்டேன்."

"அம்மா, பட்டன் எதையும் அமுக்கிடாதீங்க."

"அமுக்கிட்டனே. நாளைக்குக் காலைல கப்பல். பேரு கேட்டுச்சு, போட்டேன்."

ரத்து செய்ய ஒரு தட்டு போதும். அந்தப் பட்டனை வைத்தவளே நான்தான். கை வரவில்லை. என் பெயரையும் பதிந்துவிட்டு, மறுநாள் துறைக்குப் போனேன். கப்பல் ஊழியர் திரையைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். என் பெயருக்குக் கை தூக்கினேன். அடுத்து, "கிரேஸ்?" என்றார். அதற்கும் நானே கை தூக்கினேன்.

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு இப்போது தெரியும். அவர் சங்கிலியை விலக்கினார். நான் இரண்டு பேராகக் கப்பலில் ஏறினேன்.