வரியில்லாத ஊரில் ஒரு வரி

வளைகுடாவில் வரி கிடையாது என்று ஊரில் பெருமையடிப்பார்கள். எனக்கு ஒரு வரி இருந்தது. மகளின் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில், ஸ்பான்சர் என்ற இடத்தில், அவள் அப்பாவின் பெயர்.

விவாகரத்துக்குப் பிறகும் அந்த வரி அப்படியே நின்றது. தேரா கடைத்தெருவில் ஒரு கார்கோ ஆபீஸில் பில் அடிக்கிற என் சம்பளத்துக்குப் பிள்ளையை என் விசாவில் சேர்த்துக்கொள்ள முடியாது. மகளுக்கென்று அவர் தரவேண்டும் எனக் கோர்ட் விதித்த தொகையோ ஆரம்பத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு ஆகஸ்ட் மாதத் தரையில் சிந்திய தண்ணீர், தடம்கூட இல்லை.

ஆனால் பள்ளிக்கூடம் திறந்தால் போதும், அல் ஐன் ஊரில் வேலை பார்க்கும் அவரிடமிருந்து தவறாமல் போன் வரும். பிள்ளை சுகமா என்றல்ல. பீஸ் கட்டிய ரசீது வேண்டும், அசல்தான் வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவை அவர் கம்பெனி திருப்பித் தந்துவிடும். கட்டுவது நான், வாங்குவது அவர். ஒரு வருஷம் வளையலை விற்றுக் கட்டினேன். அந்த வளையலும் அவர் சம்பளத்தில்தான் போய் ஏறியது.

ரசீதை என் பெயரில் போடச் சொல்லிப் பள்ளி கவுண்டரில் கெஞ்சிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஸ்பான்சர் பெயரைத்தான் அடிக்கும் என்றாள் அங்கிருந்த பெண், என் முகத்தைப் பார்க்காமல்.

விசா முடிகிற வருஷம் வந்தது. அந்த முறை ரசீதைத் தர மாட்டேன் என்றேன். போனில் அவருடைய திருநெல்வேலிக் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"நல்லா யோசிச்சுக்க. பிள்ளை என் விசாலதான் நிக்கா. நான் புதுப்பிக்கலன்னா ஊருக்குப் பொட்டி கட்ட வேண்டியதுதான். கலாஸ், அவ்வளவுதான்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்று பேரும் அப்ரா படகுத்துறையில் நின்றோம். புதுப்பித்த பாஸ்போர்ட் அவர் சட்டைப்பையில். முதலில் ரசீது என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்து முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா, ஸ்பான்சர்னா பே பண்றவங்கதானே? ஸ்போர்ட்ஸ் டே பேனர்ல அப்படித்தான் போட்டிருந்தாங்க. அப்போ மம்மிதானே என் ஸ்பான்சர்?"

அவர் சிரித்தார். "அது வேற ஸ்பான்சர்ம்மா, இது வேற."

"ஆமா," என்றேன். "பேனர்ல பேரு போடணும்னா காசு குடுத்திருக்கணும்."

சிரிப்பு நின்றது. பாஸ்போர்ட்டை என்னிடம் தராமல் மகள் கையில் வைத்துவிட்டு, பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

படகில் ஏறியதும் அவள் விசாவைப் பிரித்துப் பார்த்தாள். புது மை, அதே வரி. இன்னும் மூன்று வருஷத்துக்கு அவர் பிள்ளை. என் பெயரைத் தேடினாளோ என்னவோ, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூடினாள்.

படகுக்காரர் கை நீட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கொடுத்தேன். அப்ராவில் ரசீது தருவதில்லை.