நரி வேஷக்காரியின் அம்மா

அந்தமானில் கப்பல் ஏறுகிற ஜனம் அத்தனைக்கும் உமா மகேஸ்வரியைத் தெரியும். ஆனால் கழுத்துக்கு மேலேதான் தெரியும். ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற கப்பல் துறையின் டிக்கெட் கவுண்டரில், கண்ணாடிக்குப் பின்னால் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் முகம் அது. சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, சிரிப்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல ஒரு வாய். அந்த வாயிலிருந்து வருவதெல்லாம் மூன்றே சமாசாரம்தான். டிக்கெட் முடிந்துவிட்டது, கப்பல் கேன்சல், ஓரமாக நில்லு. இவளிடம் நல்ல செய்தி கேட்டவர் யாராவது உண்டா என்று ஜெட்டியில் விசாரித்தால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதில் நியாயம் கிடையாது. கடல் கொந்தளித்தால் இவள் என்ன செய்வாள்? ஆனால் கடலைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கேப்டன் கைக்கு எட்டமாட்டார். ஆகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அகப்பட்டவளைத் திட்டுகிறார்கள். தமிழில் திட்டுவார்கள், பெங்காலியில், தெலுங்கில், மலையாளத்தில் திட்டுவார்கள், எல்லாருக்கும் பொதுவாக இந்தியிலும் ஒரு முறை திட்டுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த உமா மகேஸ்வரி இத்தனை பாஷையையும் இந்த வசவுகளிலேயே கற்றுக்கொண்டாள். தனக்குத் தோல் தடித்துவிட்டது என்று அவளே சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ஜெட்டியில் கூட்டமா இல்லையா என்று மகள் ஷோபனா சொல்லிவிடுவாள்.

ஷோபனா ஒரே மகள். காலேஜில் இரண்டாம் வருஷம். மத்தியானமானால் ஜெட்டிக்கு வந்து, கவுண்டருக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வழக்கம். அந்தக் கட்டிடத்தில் உமா மகேஸ்வரி சிரித்தது என்றால் அந்த அரை மணி நேரத்தில்தான் சிரித்திருப்பாள்.

போன மழைக்காலத்தில் அதிலும் மண் விழுந்தது. நாலைந்து நாள் தொடர்ந்து கப்பல் ஓடவில்லை. பசி பொறுக்காமல் அவள் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே "சப் கேன்சல் ஹை, ஓரமா நில்லு" என்று சொன்னதை எவனோ போனில் படமெடுத்துவிட்டான். அது தீவு தீவாகப் போனது. திக்லிப்பூரில் பார்த்தார்கள், கார் நிக்கோபாரில் பார்த்தார்கள். அவள் முறுக்குக் கடிக்கிற முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கி அனுப்பினார்கள். ஷோபனாவின் காலேஜிலும் அது சுற்றியது. அந்த வாரத்திலிருந்து ஷோபனா மத்தியானம் ஜெட்டிக்கு வருவதில்லை.

கேட்டால், "க்ளாஸ் இருக்கும்மா" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் அது க்ளாஸா? உமா மகேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. என்னை அம்மா என்று சொல்ல இந்தப் பிள்ளைக்கு வெட்கம். ஊரே திட்டியபோது கலங்காதவள் இதில் உடைந்து போனாள். சோற்றுப் பாத்திரத்தை முக்கால்வாசி அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஒரு நாள் மேலதிகாரியிடம் போய், ஜன்னல் இல்லாத பார்சல் பிரிவுக்குத் தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டும் விட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அவர்.

இந்த நிலையில்தான் போர்ட் பிளேரில் அனிமே மேளா வந்தது. ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் என்று உமா மகேஸ்வரி சொல்ல, "கார்ட்டூன் இல்லம்மா, அனிமே" என்று ஷோபனா திருத்துவாள். அந்தக் கதைகளில் வருகிறவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு போய் நிற்பதற்கு ஒரு மேளா. ஷோபனாவுக்கு நரி வேஷம், பாதி நரி பாதி பெண்ணாக ஒரு போர்வீராங்கனை. கவசம் செய்ய ஃபோம் ஷீட் வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய அது எந்தக் கப்பலில் கிடக்கிறதோ யாருக்குத் தெரியும். அம்மாவும் மகளும் வண்டூர் கடற்கரைக்கு பஸ் ஏறிப் போய், அலை ஒதுக்கிப் போட்ட ரப்பர் செருப்புகளைச் சாக்கில் பொறுக்கி வந்தார்கள். தாய்லாந்துச் செருப்போ பர்மாச் செருப்போ, எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் தங்கப் பெயின்ட் அடித்தவுடன் வாங்கினால் கூட இப்படிக் கிடைக்காது என்கிற மாதிரி ஒரு மார்க்கவசம் வந்துவிட்டது. கப்பல் கயிற்றைப் பிரித்துச் சாயம் போட்டு வால் செய்தார்கள். இத்தனை வேலை வாங்கிய பிள்ளை, "நீயும் வா" என்று மட்டும் சொல்லவில்லை.

"நீ எதுக்கும்மா, ஒரே சத்தமா இருக்கும்" என்றாள்.

அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள் உமா மகேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை ஷோபனா கிளம்பிப் போன பிறகு துணி எடுக்கப் போனால், கொடியில் வால் தொங்குகிறது. சாயம் காயட்டும் என்று போட்டது. போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வாலில்லாத நரியாக நின்று என் பிள்ளை ஊர் சிரிக்க வேண்டுமா? வாலைக் கொடுத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடலாம் என்று கட்டியிருந்த காட்டன் சேலையோடு ஆட்டோ பிடித்தாள்.

மேளா ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் நீலத் தலைமுடிக்காரன் ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அரே வாஹ்" என்றான். இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஓடி வந்து, கேட்காமல் கொள்ளாமல் உமா மகேஸ்வரியின் தோளில் ஒரு நம்பர் அட்டையைக் குத்திவிட்டு வரிசையைக் காட்டினாள்.

வேறு யாராவது இருந்தால், இது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். உமா மகேஸ்வரி கேட்கவில்லை. நம்பர் கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. இருபது வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்தது அதுதான். சாமான் கொடுக்கிறவர்களுக்கான வரிசை போலிருக்கிறது என்று வாலைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். அவளுக்கு முன்னால் இறக்கை வைத்த ஒரு பெண், பின்னால் அட்டை வாள் பிடித்த இரண்டு பேர். தலையில் கொம்பு முளைத்த அசுரன் ஒருவன் நடுவில் புகப் பார்த்தான்.

"ஏய், லைன் மே ஆவோ. கொம்பு இருந்தா முன்னாடி போயிரலாமா?"

வரிசையே கைதட்டியது. அசுரன் பரவசமாகிப் பின்னால் போய் நின்றான். "ஆன்ட்டி, குரல் செம. ஆனா இன்னும் கொஞ்சம் கோபம் வேணும். ஒரிஜினல் இதைவிடக் கடுகடுன்னு இருக்கும்" என்றாள் இறக்கைக்காரி. எந்த ஒரிஜினலைச் சொல்கிறாள் என்று உமா மகேஸ்வரிக்கு விளங்கவில்லை. சின்னப் பிள்ளைகள், என்னமோ சொல்கின்றன.

வரிசை நகர்ந்து நகர்ந்து மேடையில் கொண்டுபோய் விட்டது. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் நடுவர்கள் இருவர் வீற்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே உமா மகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள்.

அதாவது, இன்னொரு உமா மகேஸ்வரி. தாடியை மழித்த நீலம் பூத்த முகம், அவளுடையதைப் போலவே காட்டன் சேலை, சங்கிலி கோத்த கண்ணாடி, கழுத்தில் மாட்டிய அட்டைப்பெட்டிச் சட்டத்தில் 'கவுண்டர்' என்று எழுத்து. கையில் முறுக்கு. அவன் முறுக்கைக் கடித்து, "சப் கேன்சல் ஹை" என்றதும் மண்டபம் அதிர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நம்பர் எதற்கு, கைதட்டல் எதற்கு, ஒரிஜினல் யார். ஓடிப்போகலாம் என்றால் மேடை ஓரத்தில், மற்ற வேஷக்காரர்களுக்கு நடுவே, தங்கக் கவசத்தோடு ஷோபனா நிற்கிறாள். முகம் இருண்டு கிடக்கிறது. முடிந்தது, என்று நினைத்தாள் உமா மகேஸ்வரி. போனில் பார்த்துச் சிரித்தது போதாதென்று நேரிலேயே வந்து நின்று மானத்தை வாங்கிவிட்டேன்.

மைக் பிடித்தவன் அந்தப் பையனிடம், இந்தப் பாத்திரத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டான்.

அவன் பெயர் பிரவீன்குமார். கச்சல் தீவுக்காரன், ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். இந்தியில் ஆரம்பித்தவன் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டான். "எங்க ஊருக்குக் கப்பல் எப்பவாச்சும்தான் வரும். அம்மாவுக்கு சீரியஸ்னு போன் வந்துச்சு. நான் கவுண்டர்ல போய் அழுறேன், இவங்க ஓரமா நில்லுன்னுட்டாங்க. மனசுக்குள்ள அவ்வளவு திட்டினேன். லைன் எல்லாம் போனப்புறம் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி கேஸுக்குன்னு வச்சிருந்த சீட்ட குடுத்தாங்க. ஒண்ணுமே பேசல. கச்சல்ல எல்லாருக்கும் தெரியும். கவுண்டர் ஆன்ட்டி ஓரமா நிக்கச் சொன்னா நாம கப்பல் ஏறிட்டோம்னு அர்த்தம்." முறுக்கைக் கீழே தாழ்த்திக்கொண்டான். "எங்கம்மா இப்ப நல்லா இருக்காங்க. இந்தச் சேலை அவங்களோடதுதான்."

உமா மகேஸ்வரி எவ்வளவு யோசித்தும் அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வரவில்லை. அப்படி ஓரமாக நிறுத்திய முகங்கள் எத்தனையோ.

மைக் இவளிடம் வந்தது. "நீங்க ஏன் ஆன்ட்டி இந்தப் பாத்திரத்த எடுத்தீங்க?"

"நானா எங்க எடுத்தேன்" என்றாள் உமா மகேஸ்வரி. "பரீச்சை எழுதுனேன், பாஸானேன், உக்கார வச்சுட்டாங்க."

சிரிப்பு கிளம்புவதற்குள் செருப்புக் கவசம் சலசலக்க ஷோபனா மேடையேறிவிட்டாள். மைக்கைப் பிடுங்கினாள். "யே வேஷ் நஹீ ஹை. வேஷம் இல்ல. இது எங்கம்மா" என்றாள். பிரவீன்குமார் கழுத்தில் கிடந்த சட்டத்தைக் கழற்ற முயன்று அதிலேயே மாட்டிக்கொண்டான்.

ஷோபனா அம்மாவின் பக்கம் திரும்பினாள். மைக் கையில் இருப்பதையே மறந்துவிட்டாள். "க்ளாஸ்னு பொய் சொன்னேம்மா. வெளிய ஒருத்தன் உன்ன கேவலமா திட்டறான், நான் உள்ள உக்காந்து உன் சோத்த தின்னுட்டிருக்கேன். என்னால முடியல. அந்த வீடியோ வந்தப்புறம் ஒருத்தன நான் அடிக்கப் போயிட்டேன். உன் வேலைக்கு எதுவும் ஆயிருமோன்னு பயந்துதான் வரல. இங்கயும் எவனாச்சும் சிரிப்பான்னுதான் உன்ன கூப்பிடல."

தமிழ் தெரிந்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்கு இந்தியில் சொன்னார்கள். அவர்கள் பெங்காலியில், தெலுங்கில் சொன்னார்கள். முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

இத்தனை மாதமாக இந்தப் பிள்ளையைப் போய்த் தப்பாக நினைத்தேனே. உமா மகேஸ்வரிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வந்தது ஒன்றுதான். "திரும்பு. வால கட்டி விடறேன்." நிறைந்த சபையில் மகளைத் திருப்பி நிறுத்தி வாலைக் கட்டினாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது. அவள் அழுதாள், அதைக் கண்ணாடி மறைக்கவில்லை.

பரிசு பிரவீன்குமாருக்குப் போனது. உமா மகேஸ்வரிக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. குரலில் அந்தக் கறார் போதவில்லை என்றார் நடுவர். "கண்ணாடிச் சங்கிலிய தப்பா கோத்திருக்கான், அது தெரியல இவருக்கு" என்று அவள் மகளிடம் முணுமுணுத்தாள். பிறகு அசுரனும் இறக்கைக்காரியும் அவளோடு போட்டோ எடுக்க நெருக்கியடித்தபோது, எல்லாரையும் வரிசையில் வரச் சொன்னாள். வந்தார்கள். பிரவீன்குமார் கடைசியாக வந்து காலைத் தொட்டான். "சேலைய அழுக்காக்காம அம்மாகிட்ட குடு" என்று சொல்லி அனுப்பினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு இருவரும் நடந்தே வந்தார்கள். நரி, வாலை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, இன்னொரு கையால் அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். விட்டால் போதும் என்று பள்ளிக்கூடத்து வாசலில் கையை உதறிக்கொண்டு ஓடிய பிள்ளை, இன்று இத்தனை பேர் பார்க்கவும் விடவில்லை.

ஸ்டாப்பில் நின்றிருந்த, ரங்கத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் உமா மகேஸ்வரியை அடையாளம் கண்டுகொண்டார். முழு உருவத்தையும் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் திகைப்புதான். "மேடம், கவுண்டர விட்டுப் போறீங்கன்னு ஜெட்டில பேசிக்கிறாங்களே? நாளைக்கு எனக்கு டிக்கெட்டு வேணுமே."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நரி முந்திக்கொண்டது.

"அம்மா எங்கயும் போகல அண்ணே. நாளைக்கு வாங்க, மரியாதையா கேளுங்க. மத்தியானம் நானும் அங்கதான் இருப்பேன்."