சபாபதி ருசி பார்த்த தண்ணீர்

மேனேஜர் சபாபதி இறந்த செய்தி வந்தபோது நான் கொதிகலன் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுச் சிவப்பு நீலமாகும்வரை பார்க்க வேண்டும். கைப்பேசி அதிர்ந்தது. நீலம் வந்த பிறகுதான் எடுத்தேன். வீட்டிலேயே மாரடைப்பாம்.

மறுநாள் கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் பேனர் கட்டியிருந்தார்கள்: 'கொதிகலனைப் பெற்ற பிள்ளையாய்க் காத்தவர்.' நம் அரிசி ஆலை ஊழியர்கள் போடும் நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக எழுதித் தரச் சொன்னார்கள். நல்லது இரண்டு உண்டு. நேரத்துக்கு வருவார். திருடமாட்டார்.

நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதை நீக்கத்தான் சாஃப்ட்னர் வைத்தோம். ஒருநாள் சபாபதி எல்லோர் முன்பும் இரண்டு தண்ணீரையும் டம்ளரில் பிடித்துக் குடித்துப் பார்த்தார்.

"போர் தண்ணி எளநி மாதிரி இருக்குது. உன் மெஷின் தண்ணி சப்புன்னு கீது. இதுல நெல்ல அவிச்சா அரிசிக்கு எங்கேர்ந்து ருசி வரும்?"

"நெல்லுக்குப் போறது வெறும் நீராவி சார். சுண்ணாம்பு அதுல போவாது. பாய்லர் கொழாய் மேலயே படிஞ்சிடும்."

"இன்னா படிப்பு படிச்சியோ போ! உங்க வூட்ல சோறாக்குறதே இல்லியா?"

மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். எடை போடுபவர்களும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அன்றே சாஃப்ட்னர் வால்வை மூடி, போர் தண்ணீரை நேராகக் கொதிகலனுக்குத் திருப்பினார். "என் நாக்குதாம்மா லேப்" என்பார். அதை இப்போது பொன்மொழி என்கிறார்கள்.

சுண்ணாம்பு படிந்த குழாயின் சூடு தண்ணீருக்குப் போகாது. குழாயே சூடேறிப் பலவீனமாகும். ஒரு மத்தியானம் அது வெடித்தது. அடுப்பு வாயிலிருந்து நீராவியும் தணலும் பாய்ந்தன. சவுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்த ஏழுமலையின் இடது கை தோள்வரை வெந்தது. சபாபதி அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தார். திரும்பி வந்ததும் முதலாளியிடம் சொன்னார்: "ஈர வெறகப் போட்டுட்டான்."

வெட்டியெடுத்த குழாயை நான் முதலாளியிடம் காட்டினேன். "அவரு பாய்லரோடவே பொறந்தவரும்மா" என்றார். சத்தமில்லாமல் சாஃப்ட்னரை மட்டும் மறுபடி ஓட்டினார்கள். ஏழுமலையை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. பாகூர்ப் பக்கம் எந்த ஆலையும் அவரை அடுப்படியில் சேர்க்கவில்லை. 'ஈர வெறகு' என்பதே அவர் பெயராகிவிட்டது.

சாவு வீட்டுக்கு அவரும் வந்தார், முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டு.

"இன்னா கண்ணு, நீதான் எழுதப் போறியாமே?"

"ஆமாண்ணா. இன்னா எழுதுறதுன்னுதான் தெரியல."

"அரிசி ருசியா இருந்துச்சுன்னு எழுது." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படியே, வெறகு காஞ்ச வெறகுன்னு ஒரு வரி போட்டுடு கண்ணு."

போடுகிறேன். விறகு காய்ந்த விறகு. கோடையில் வெட்டி, கொட்டகையில் அடுக்கி வைத்தது. ஈர விறகு புகையும். குழாயை வெடிக்க வைக்காது. வெடிக்க வைத்தது சபாபதியின் நாக்கு. இனி யாரும் ஏழுமலையை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டாம்.

சபாபதியின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் குழாயிலிருந்து பெயர்த்த சுண்ணாம்புச் சில்லு ஒன்றுதான். மரப்பட்டைபோலத் தடிமன். சாவுக்குப் போய் வந்த அன்று அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு ருசியும் இல்லை.