கோட்டுப் பைக்குள் ஆறு வருஷம்

ஆர்டித் நைக்விஸ்ட்டுக்குச் சொத்து என்று இருந்தவை ஒரு பழைய வீடு, ஒரு பிக்கப் வண்டி, அப்பா விட்டுப்போன எவர்சில்வர் மேக்னம் ரிவால்வர். இதில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டை விடுவேன் என்பாள். மொண்டானாவில் எங்கள் ஹார்லன் க்ரீக் பக்கம் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். வீடு எரிந்தால் கட்டிக்கொள்ளலாம், அந்தக் காலத்து மேக்னம் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள்.

ஐம்பதைத் தொட்டவள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். பேச்சு குறைவு, ரோஷம் அதிகம். அப்பா நெல்ஸ் வாய்க்கால் காவலாளி. கரடி நடமாடும் கரையில் இடுப்பில் அந்தத் துப்பாக்கியோடு வாழ்நாளெல்லாம் நடந்தார். அது ஒரு கரடியைக்கூடச் சுட்டதில்லை, காலி பீர் டப்பாக்கள்தான் அதனிடம் செத்தன. மழை, பனி, சேறு எல்லாம் பார்த்தும் துருவின் வாடையே படாமல், துடைத்தால் முகம் தெரிகிற மாதிரி இருக்கும்.

அந்த மாதிரித் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று ஊரில் ஒரு சங்கம் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜல்லிக்குழிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கூடுவார்கள். மான்கறிக் குழம்பும் சோள ரொட்டியும் அடுப்பில் கிடக்கும். நீள மேஜையில் கம்பளி விரித்து, தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, உருளையைத் திறந்தபடி ஆளுக்கொரு மேக்னத்தை வைப்பார்கள். யாரும் யாருடையதையும் எடுத்துப் பார்க்கலாம். எடை எப்படி, விசை எவ்வளவு வழுக்கலாய் இழுபடுகிறது என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டே இருப்பார்கள். முதல் பார்வை மட்டும் தலைவருக்கு.

அங்கே லேசில் மன்னிக்காத குற்றம் ஒன்றே ஒன்றுதான். தோட்டா செருகும் உருளையை இடது கட்டைவிரலால் தள்ளித்தான் மூட வேண்டும். சினிமாக்காரன் மாதிரி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறி மூடக்கூடாது. உதறினால் உருளையைத் தாங்கும் சின்ன இரும்புக் கை வளைந்துவிடும், துப்பாக்கி கெட்டது. உதறியவன் அதற்குப்பிறகு, சங்கம் ஓட்டுப் போட்டு மன்னிக்கும்வரை, அடுத்தவர் துப்பாக்கி எதையும் தொட முடியாது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தலைவர் பர்ல் ஹாஸ்கெட், டயர்க்கடைக்காரர். வாய் கிழக்கே போனால் கால் மேற்கே போகும் ஆசாமி. விசையை வழுக்கலாக்கித் தருகிறேன் என்று ஆர்டித்தின் துப்பாக்கியை வாங்கிப் போனார். திருப்பிக் கொடுத்த வாரமே கூட்டம். பெரியவர் எம்மெட் ஸ்கார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு பக்கம் அகலமாக இருந்தது.

"இது வளைஞ்சிருக்கே. யாரோ உதறியிருக்காங்க," என்றார் எம்மெட்.

பர்ல் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நான் குடுக்கறப்ப நேராத்தான் இருந்துச்சு. அம்மணி ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு ஹீரோயின் வேஷம் போட்டிருப்பாங்க."

கொட்டகை சிரித்தது. ஆர்டித் சத்தியம் செய்தாள், யாரும் கேட்கவில்லை. சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான நெல்ஸின் மகள், அப்பா போட்ட சட்டத்தாலேயே அப்பா உட்கார்ந்த மேஜையில் கைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றாள். வருஷா வருஷம் அவளை மன்னிக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடக்கும். வேண்டாம் என்று முதலில் எழும் கை பர்லுடையது. அடப்பாவி, செய்தவனே நீதிபதியாக உட்கார்ந்தால் நியாயம் எங்கிருந்து வரும்? சங்கத்தை விட்டே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

துப்பாக்கியைப் பக்கத்து ஊர் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து நிமிர்த்தினாள். "ஒருவாட்டி வளைஞ்ச இரும்பும்மா. இன்னொரு தடவை எவனாவது உதறினான்னா அவ்வளவுதான், என்கிட்ட கொண்டு வராதீங்க," என்றார் அவர்.

நான்காம் வருஷம், பஸ்ஸுக்கு டயர் மாற்றப் போய் பர்லின் கடைக் கண்ணாடிக்கு வெளியே காத்திருந்தாள். உள்ளே மாட்டுத்தீவன விற்பனையாளன் ஒருவனுக்கு பர்ல் தன் கரடிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே நூறு தடவை கேட்ட கதை. ஆற்றங்கரை, புதர், எழுந்து நிற்கும் கரடி. கையில் அவருடைய சொந்த மேக்னம். 'ஆறு தோட்டாவையும் உள்ள போட்டேன்' என்ற இடம் வந்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பி உருளையை உதறி மூடியது. அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியவில்லை, கதை பாட்டுக்கு ஓடியது.

சங்கத்தில் இதே கதையைச் சொல்லும்போது அவர் முதலில் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிடுவார் என்பது அப்போதுதான் ஆர்டித்துக்கு உறைத்தது. தன் கையைத் தானே நம்பாத மனுஷன். தன் துப்பாக்கி எப்படிக் கெட்டது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. போய்ச் சொன்னால் சாட்சி யார் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும், கெடும்வரை இருக்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டாள். பஸ் ஓட்டும்போதும், பாத்திரம் கழுவும்போதும் அதே நினைப்புதான்.

ஆறாம் வருஷம் சங்கத்தின் வெள்ளிவிழா வந்தது. ஆர்டித் பத்திரிகை ஆபீசுக்கு போன் போட்டு நிருபரை வரவழைத்தாள். தெரெசா என்று ஒரு பெண் வந்தாள், தோளில் கேமரா. பர்ல் அன்றைக்குப் புதுத் தொப்பி, புது பெல்ட். மேஜையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். ஆர்டித்தின் கைகள் பைக்குள். அவளுடைய துப்பாக்கி கம்பளிமேல், வரிசையில் முதலாவதாக, திறந்தபடி.

பர்ல் அதை எடுத்தார். "இது நம்ம ஹீரோயினோடது," என்று நிருபரிடம் கண்ணடித்தார். "தொடறதுக்கு முன்னாடி வணக்கம் சொல்லணும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆர்டித்தும் சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் அங்கே சிரித்தது அதுதான் முதல் தடவை, எம்மெட் திரும்பிப் பார்த்தார்.

"தெரெசா, தலைவர் கரடி கதை சொன்னாரா உங்களுக்கு?" என்றாள்.

"கரடியா? இல்லையே," என்று அந்தப் பெண் கேமராவைத் தூக்கினாள்.

"அத கேக்காம போனா வந்ததே வீண். சொல்லுங்க தலைவரே, பேப்பர்ல வரட்டும்."

பர்லின் பார்வை ஒரு நொடி மேஜைக்குப் போனது. துப்பாக்கியை வைக்கப் போகிறார் என்று ஆர்டித் நினைத்தாள். அதற்குள் தெரெசா, "துப்பாக்கி கையிலயே இருக்கட்டும் சார், படத்துக்கு எடுப்பா இருக்கு," என்றாள். புகழ்ச்சி வந்தால் பர்லுக்குப் புத்தி எங்கே நிற்கும்? மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

ஆறு வந்தது, புதர் வந்தது, கரடி எழுந்து நின்றது. குரல் ஏறியது. ஆர்டித் கதையைக் கேட்கவில்லை, அந்த மணிக்கட்டையே பார்த்தாள். அப்பா எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த இரும்பு அது. இப்போதுகூடப் பிடுங்கிக்கொள்ளலாம். அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"ஆறு தோட்டாவையும் உள்ள போட்டேன்," என்றார் பர்ல். மணிக்கட்டு திரும்பியது. டக்.

அந்தச் சத்தம் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். குழம்பு கிளறிக்கொண்டிருந்தவன்கூடக் கரண்டியை நிறுத்தினான். பர்ல் இன்னும் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத்தான் நிறுத்தினார்.

எம்மெட் வந்து துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கினார். திறந்தார், கட்டைவிரலால் மூடினார், ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தானே நடந்துச்சு, பர்ல்?"

"கை தவறிடுச்சுப்பா. ஒரு தடவை..."

"அன்னிக்குப் பழிய அவ மேல போட்டியே, அதுவும் கை தவறியா?"

பர்ல் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். எம்மெட் ஆர்டித்தின் பக்கம் திரும்பினார். "மறுபடி வளைஞ்சு போச்சும்மா. உங்கப்பன் துப்பாக்கி."

"தெரியும்."

"அவன் கை இப்படின்னு தெரிஞ்சேதான் வெச்சியா?"

"தெரிஞ்சேதான் வெச்சேன்." பெற்ற பிள்ளையைப் பந்தயம் வைத்த மாதிரி உள்ளே வலித்தது, அதை அவள் மறைக்கவில்லை. "என் வார்த்தைய நீங்க யாரும் நம்பலயே. வேற என்னத்த வைக்கிறது?"

எம்மெட் தலையைக் குனிந்துகொண்டார். ஆர்டித் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் பர்லின் மேக்னத்தைத்தான் எடுத்தாள், அவர் வீட்டில் பெண்டாட்டியைக்கூடத் தொட விடாத துப்பாக்கி.

"பாத்து, ஆர்டித்," என்று பர்ல் கை நீட்டினார்.

"கைய பாக்கெட்ல போடுங்க, தலைவரே."

அவர் சுற்றிலும் பார்த்தார். கைகள் மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போயின. ஆர்டித் அவர் துப்பாக்கியைத் திறந்து, சுழற்றி, கட்டைவிரலால் தள்ளிப் பதமாக மூடினாள். மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

வளைந்ததை அவள் அப்புறம் ரிப்பேருக்கு எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் துடைத்து, பளபளப்பாக்கி, திறந்தபடி பர்லின் நாற்காலிக்கு நேர் எதிரே வைக்கிறாள். எம்மெட்தான் இப்போது தலைவர். போன வசந்தத்தில் பர்லை மன்னிக்கலாமா என்று ஓட்டுக்கு விட்டார். பாவம், வயசாகிவிட்டது என்று பலரும் கையை மேஜையிலேயே வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று முதலில் எழுந்தது ஆர்டித்தின் கை. எழுந்த கையை எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை அவள் இறக்கவே இல்லை.