வேன் வந்த திசை

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சான்றிதழோடு மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டுக்குத் திரும்பினேன். சில ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்போம். அதன்பின் வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் அம்மாவின் மில் கூலிதான். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இருந்த ஒரு நூல் மில்லிலிருந்து தினமும் விடியலில் வேன் மேலே வந்து, எங்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்.

வேலை இல்லாதவள் எதையாவது வகைப்படுத்திக்கொண்டே இருப்பாள். விலை ஏறியவை: எண்ணெய், துவரம்பருப்பு, சிலிண்டர், அப்பாவின் சர்க்கரை மாத்திரை. ஏறாதது: கூலி. இந்த நிலையில்தான், டீசல் விலை கூடிவிட்டது என்று சொல்லி, வேனுக்காகக் கூலியில் பிடிக்கும் தொகையை மில் உயர்த்தியது. அதே வேலைக்கு அம்மாவின் கையில் வந்தது முன்பைவிடக் குறைவு.

பெண்கள் கோயில் முன்னால் கூடினார்கள். பிடித்தத்தைக் குறைத்துக் கூலியை உயர்த்தும்வரை வேனில் ஏறுவதில்லை என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். கலையும் நேரத்தில் அம்மா கேட்டாள்: "பக்கத்துக் குண்டூர் நாட்டுக்கும் ஒரு வார்த்த சொல்லிரலாங்களா?"

பக்கத்து வீட்டு அக்கா உடனே மறுத்தாள். "அதெப்படிங்க? அவிய நாட்டுல போயி நாம கூட்டம் போட்டா, அவிய ஊர்க் கவுண்டர மதிக்கலேன்னு ஆயிரும். நம்ம சத்தியம் நம்ம நாட்டோட."

மலையில் அதுதான் முறை. ஊர்த் தலைவரான கவுண்டரின் சொல்தான் அங்கங்கே முடிவு; ஒரு நாட்டின் முடிவில் இன்னொரு நாடு தலையிடாது.

மறுநாள் வேன் வந்து நின்றது. எல்லோரும் சாலையோரத்தில் நின்றார்கள், ஒருவரும் ஏறவில்லை.

"ஏனுங்க டிரைவரே, இன்னிக்கு வெறுங் காத்தத்தான் ஏத்திட்டுப் போறீங்களா?" என்றாள் அக்கா.

"காத்து கூலி கேக்காதுங்கக்கா" என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

அப்போது சிரித்தோம். அடுத்த சில நாள்களும் அது காலியாகவே இறங்கிப் போனது. மில்லில் மெஷின்கள் நிற்பதாகச் செய்தி வந்தது. மில்காரர்கள் பணிந்துவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும்தான். அம்மா தினமும் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு ஒரு காலையில் வேன் குண்டூர் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் நிறுத்தத்தில் நிற்கவில்லை. உள்ளே இருக்கைகள் நிறைந்து, நடுவிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். கடைசி ஜன்னலில் சின்னம்மா, அம்மாவின் தங்கை, குண்டூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினாள். சீண்டுவதற்கல்ல, வேலை கிடைத்த சந்தோஷத்தில். எங்களில் யாரும் பதிலுக்குக் கை அசைக்கவில்லை என்றதும் அவள் கை மெல்ல இறங்கியது.

அன்று சாயங்காலம் சின்னம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. ஆளு வேணும்னு வந்து கூப்பிட்டாங்க. மொளகும் இந்த வருசம் காய்க்கல. நீங்க வேண்டாம்னு நின்னுட்டீங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு."

"கூலி?"

"உங்களுக்குக் குடுத்ததுதான். வேனுக்கும் பிடிப்பாங்களாமா." சின்னம்மாவின் குரல் தாழ்ந்தது. "நான் நின்னுக்கட்டுங்களா அக்கா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். நில் என்று சொன்னால் சின்னம்மா நின்றிருப்பாள், அவள் வீட்டு அடுப்பும் நின்றிருக்கும். அவள் இடத்தில் வேறொருத்தி ஏறியிருப்பாள். அம்மாவின் வேலை எப்படியும் திரும்பாது.

"நீ போ சாமி" என்றாள் அம்மா. "கடைசி சீட்டுல மட்டும் உக்காராத. வளைவுல கொமட்டும். காலையில வெறும் வயித்தோட எறங்காத, ரெண்டு வாயி தின்னுட்டுப் போ."

போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்தாள். ஈரம் இல்லாத அதை முந்தானையால் ஒருமுறை துடைத்து, பரணில் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள்.